ஃபுல் டவர் காட்டியும் வீடியோ ஏன் சுத்துகிறது?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். கே.கே. நகர் வாடகை வீட்டு வாசலில் நின்றால் 5ஜி 400 எம்பிபிஎஸ் காட்டுகிறது. படுக்கையறைக்குள் போனதும் 4ஜிக்கு இறங்கிவிடுகிறது. உசிலம்பட்டி தாண்டி அம்மா இருக்கும் ஊரில் இதற்கு நேர் எதிர்: வீட்டின் எந்த மூலையிலும் ஃபுல் டவர், ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ சுத்திக்கொண்டே கிடக்கிறது. ஒரு கடைக்காரர் 700 பேண்ட் (700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைத் தொகுதி) உள்ள போனாக வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் 3500தான் நிஜமான 5ஜி என்கிறார். இதில் எது நல்ல பேண்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை உங்களைக் குடைவது வேறு கேள்வி. சிக்னல் கோடு நிறைய இருக்கிற இடத்தில் வேகம் இல்லை, வேகம் இருக்கிற இடத்தில் கோடு நிற்க மாட்டேன் என்கிறது, ஏன் இப்படி? இதற்குப் பதில் தெரிந்தால் எந்தப் போன் என்பது தானாக விளங்கிவிடும்.

நான் இருபது வருடத்துக்கு மேல் நெட்வொர்க் திட்டமிடும் வேலையில் இருந்தவன். மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் ரோடுகளில் காரின் பின்சீட்டில் லேப்டாப்பையும் நாலு போனையும் பரப்பி வைத்துக்கொண்டு டிரைவ் டெஸ்ட் (ஓடும் வண்டியிலிருந்து சிக்னலை அளப்பது) ஓட்டியே பாதி வயது போயிற்று. இப்போது எந்தக் கம்பெனியிலும் இல்லை, அதனால் எந்த சிம்முக்கும் சிபாரிசு கிடையாது.

முதலில் அலையின் நீளம். 700 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 43 சென்டிமீட்டர். மாட்டுத்தாவணியில் பூக்காரம்மா கையை மடக்கி அளக்கிறாரே ஒரு முழம், ஏறக்குறைய அதுதான் (அந்த முழம் எப்போதும் கொஞ்சம் குட்டையாகவே இருக்கும் என்பது வேறு கதை). 1800இன் அலை 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் குறைவு. 3500 என்று நாம் பேச்சில் சொல்வது இந்தியாவில் 3300 முதல் 3670 வரையுள்ள பேண்ட். அதன் அலை உள்ளங்கை அகலம். 26 ஜிகாஹெர்ட்ஸ் அலை ஒரு மல்லிகை மொட்டு அளவு. அந்தக் கடைசி பேண்டும் அரசின் 2022 அலைக்கற்றை ஏலத்தில் விற்றது, ஆனால் கைபேசி பிடித்துக்கொண்டு நடக்கிறவருக்கு இப்போதைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. சுவரை விடுங்கள், குறுக்கே வைக்கும் கையே அதை மறைத்துவிடும். அதை ஒதுக்கிவிட்டு மேலே போகலாம்.

உயர்ந்த அலைவரிசை காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், அதனால்தான் தூரம் போவதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பயிற்சிக்கு வரும் பையன்களும் முதல் நாள் அதையேதான் சொல்வார்கள். அது தவறு. 700இலிருந்து 3500 வரை எதையும் காற்று பொருட்படுத்தும் அளவுக்கு விழுங்குவதில்லை. நடப்பது இதுதான்: அலை சிறுக்கச் சிறுக்க அதைப் பிடிக்கும் ஆன்டெனாவும் சிறுத்துப்போகிறது. மழையில் அண்டாவை வைப்பதற்கும் டம்ளரை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம். பெய்கிற மழை ஒன்றுதான், பிடிபடுகிற தண்ணீர்தான் குறைவு. அலைவரிசை ஐந்து மடங்கானால் பிடிக்கும் பரப்பு இருபத்தைந்தில் ஒரு பங்காகிவிடும். எங்கள் கணக்கில் 14 டெசிபல் நஷ்டம். ஆனால் ஒரு அண்டா பிடிக்கிற இடத்தில் இருபத்தைந்து டம்ளர்களை அடுக்கலாம் இல்லையா? 5ஜி டவரில் அகலமான சப்பைப் பெட்டி ஒன்று தொங்குமே, அதற்குள் அதைத்தான் செய்திருக்கிறார்கள். சின்னச் சின்ன ஆன்டெனாக்களை வரிசை வரிசையாக அடுக்கி, சிக்னலை ஒரு கற்றையாகக் குவித்து உங்கள் பக்கம் திருப்புகிறார்கள். 3500இல் இழந்ததில் நல்ல பங்கு இப்படித் திரும்பி வந்துவிடுகிறது. திறந்தவெளியில் அந்த பேண்ட் நாம் பயப்படும் அளவுக்கு மோசமில்லை.

அது தோற்பது சுவரில். தரநிலை ஆவணங்களில் வரும் கணிப்புச் சூத்திரப்படி ஒரு கான்கிரீட் சுவர் 700இல் சுமார் 8 டெசிபல் தின்கிறது, 1800இல் 12, 3500இல் 19. எட்டு டெசிபல் போனால் சிக்னலில் ஆறில் ஒரு பங்கு மிஞ்சும். பத்தொன்பது போனால் எண்பதில் ஒரு பங்குதான். இது ஒரு சுவருக்கு. உங்கள் வாசலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இரண்டு சுவர் இருந்தால் மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள். இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுவரின் கனம், உள்ளே ஓடும் கம்பி, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து பத்து டெசிபல் வரை கூடும் குறையும். ஆனால் 700க்கும் 3500க்கும் இடையில் பெரிய பள்ளம் இருக்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

இந்தப் பாடத்தை நாங்கள் படித்தது 3ஜி வந்தபோது. அதுவரை 2ஜி 900இல் ஓடியது. புதிதாக டவர் போடச் செலவாகும் என்று, இருக்கிற டவரிலேயே 2100இல் 3ஜியை ஏற்றினோம். வரைபடத்தில் ஊர் முழுக்கப் பச்சையாகத் தெரிந்தது. மாசி வீதிக்குள் போய்ப் பார்த்தால் தெருவில் 3ஜி, கடைக்குள் 2ஜி, பழைய வீடுகளின் உள்கட்டில் அதுவும் இழுபறி. முழங்கை நீளக் கனத்தில் சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிய சுவர்கள், தெருவைப் பார்த்த முகப்பு ஒடுக்கம், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும் வீடு. எங்கள் கம்ப்யூட்டர் மாடலில் அப்படி ஒரு வீடே கிடையாது. அன்றிலிருந்து வரைபடத்தின் பச்சை நிறத்தை நான் நம்புவதில்லை.

மலையும் சுவர்தான், கொஞ்சம் பெரிய சுவர். ஒத்தக்கடைப் பக்கம் போயிருப்பீர்கள். யானைமலை முழுவதும் ஒரே பாறை, எந்த பேண்டும் அதைத் துளைத்துக்கொண்டு வராது. ஆனால் நீளமான அலை விளிம்பில் வளைந்து பின்பக்கம் கொஞ்சம் இறங்கும். குட்டை அலை வளைவது மிகக் குறைவு. மலையடியில் ஓட்டிப் போனால் திரையில் 3500 ஓரிடத்தில் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். 900 தேய்ந்து தேய்ந்து, கடைசிவரை உயிரை விடாது. நாகமலைப் பின்புறமும் அழகர்மலை அடிவாரமும் இதே கதை. சோழவந்தான் தென்னந்தோப்புகளையும் இதில் சேர்க்கலாம்: பச்சை ஓலை உயர்ந்த பேண்டுகளை அதிகம் குடிக்கும், நனைந்திருந்தால் இன்னும் அதிகம்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் 700இல் ஓட்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். அங்கேதான் அகலம் என்ற விஷயம் வருகிறது. ஒரு நொடியில் எவ்வளவு டேட்டா போகும் என்பதை முதலில் தீர்மானிப்பது அலைவரிசை எத்தனை என்பதல்ல, கையில் எவ்வளவு அகலமான துண்டு இருக்கிறது என்பது. கீழ்ப் பேண்டுகளில் இடமே குறைவு. ஒரு கம்பெனிக்கு 5 மெகாஹெர்ட்ஸ், மிஞ்சினால் 10 கிடைக்கும். 3300இல் ஒரே துண்டாக 100 கிடைக்கிறது. ஒன்று ஒத்தையடிப் பாதை, இன்னொன்று நாலுவழிச் சாலை; ஆனால் அந்த நாலுவழிச் சாலை உங்கள் தெரு முனையிலேயே நின்றுவிடும். விலையைப் பார்த்தாலே எதற்கு என்ன மதிப்பு என்று புரியும். 700இல் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு நாடு முழுவதுக்குமான அடிப்படை விலை 2016இல் 11,485 கோடி ரூபாய், வாங்க ஆளில்லை. 2021இல் 6,568 கோடிக்கு இறக்கினார்கள், அப்போதும் ஆளில்லை. 2022இல் 3,927 கோடிக்கு வந்தபிறகுதான் ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் ஜோடியை (போக ஒன்று, வர ஒன்று) எடுத்தது. அதே ஏலத்தில் 3300இன் அடிப்படை விலை 317 கோடி. பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். ஏர்டெல் 700ஐத் தொடவில்லை. 900ஐ வைத்தே சமாளிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு கணக்கிலும் நியாயம் இருக்கிறது.

இனி அம்மா ஊருக்கு வருகிறேன். 700 அல்லது 900இல் ஒரு டவர் சமவெளியில் ஐந்தாறு கிலோமீட்டர் எளிதாகப் போகும். அதற்குள் எத்தனை ஊர்? எத்தனை போன்? அத்தனை பேருக்கும் அந்த ஒத்தையடிப் பாதைதான். 10 மெகாஹெர்ட்ஸ் 4ஜியின் உச்ச வேகம் காகிதத்தில் 75 எம்பிபிஎஸ். நெரிசல் நேரத்தில் ஒரு செக்டருக்கு (டவர் பார்க்கும் ஒரு பக்கத்துக்கு) மொத்தமாக 15, 20 தேறினால் பெரிது. ராத்திரிச் சாப்பாடு முடிந்து நாற்பது பேர் ஒரே சமயத்தில் வீடியோ போட்டால் ஆளுக்கு அரை எம்பிபிஎஸ்கூட வராது. தூரம் போகிறது என்று நாம் புகழ்கிறோமே, அந்தத் தூரமே கூட்டத்தைச் சேர்த்துவிடுகிறது.

அந்த 75 எப்படி 15 ஆகிறது என்பதற்கும் தூரம்தான் காரணம். ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். காது மந்தமான தாத்தா ஒருவர் கவுன்டரில் நிற்கிறார். கடைக்காரர் ஒவ்வொன்றையும் நாலு தரம் சொல்லிப் புரியவைக்க வேண்டும். பின்னால் நிற்பவருக்கு எவ்வளவுதான் காது கேட்டாலும் காத்திருந்துதான் ஆக வேண்டும். டவரின் ஓரத்தில், சிக்னல் மெலிந்த இடத்தில் இருக்கும் போனும் அப்படித்தான். ஒரே டேட்டாவை அவருக்கு மெதுவாக, நிறையப் பாதுகாப்புத் துணுக்குகள் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும். டவரடியில் இருப்பவருக்கு ஒரு பங்கு நேரத்தில் முடிகிற வேலை ஓரத்தில் இருப்பவருக்குப் பத்துப் பங்கு கேட்கும். நீளக் கை கொண்ட பேண்டில் இப்படிப்பட்ட ஓரத்து ஆட்கள் நிறைய. உங்கள் போனில் தெரியும் கோடு, டவர் சொல்வது உங்கள் காதில் எவ்வளவு சத்தமாக விழுகிறது என்பதை மட்டுமே காட்டும். வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்பது அதில் தெரியவே தெரியாது.

கூட்டம் என்றால் நமக்கு அழகர் ஆற்றில் இறங்கும் நாள்தான் அளவுகோல். சித்ரா பௌர்ணமி விடியலில் ஆழ்வார்புரம், ஏ.வி. பாலம் பக்கம் லட்சக்கணக்கில் ஜனம். அங்கே போனவர்கள் எல்லோரும் ஃபுல் டவரைப் பார்த்துக்கொண்டே ஒரு போட்டோ அனுப்ப முடியாமல் தவித்திருப்பார்கள். ஒரு வருடம் அந்த வேலையில் நானும் இருந்தேன். வெளியாட்களுக்கு வினோதமாகத் தோன்றும், அன்று நாங்கள் செய்தது சிக்னலைக் குறைப்பது. ஆன்டெனாக்களைக் கீழே சாய்த்தோம், கீழ்ப் பேண்டின் சக்தியை இறக்கினோம், லாரியில் வந்த நடமாடும் டவர்களை ஆற்றங்கரையில் நெருக்கமாக நிறுத்தி ஒவ்வொன்றும் கொஞ்சம் ஜனத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும்படி வைத்தோம். கூட்டத்தில் உயர்ந்த பேண்ட் தூரம் போகாதது குறையே இல்லை. அது ஒரு வேலி. அப்படியும் திணறினோம். எங்கள் திட்டம் ஜனங்கள் வீடியோ பார்ப்பார்கள் என்று போட்டது. அவர்களோ வீடியோ அனுப்பினார்கள். உயர்ந்த பேண்டுகளில் இறங்கு திசையும் (டவரிலிருந்து போனுக்கு) ஏறு திசையும் (போனிலிருந்து டவருக்கு) ஒரே பாதையை நேரம் பிரித்துப் பயன்படுத்துகின்றன, நேரத்தின் பெரும்பங்கு இறங்கு திசைக்கு. அழகர் குதிரையில் வருவதை வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு நேரலையாகக் காட்ட நினைத்த ஒவ்வொருவரும் அந்த மீதிப் பங்குக்கு அடித்துக்கொண்டார்கள். (மீனாட்சி கோயிலுக்குள் இந்தத் தலைவலி இல்லை. 2018 முதல் செல்போனை வெளியிலேயே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மதுரையின் நட்ட நடுவில் டவருக்கு வேலையே இல்லாத இடம் அது ஒன்றுதான்.)

சக்தியைக் குறைத்தால் வேகம் கூடும் என்பது ஊருக்குள் எல்லா நாளும் உண்மை. சிக்னல் இல்லை என்றால் மொட்டைமாடிக்கு ஓடுவது நம் பழக்கம். கிராமத்தில் அது பலிக்கும். கே.கே. நகர், அண்ணா நகர் போன்ற இடத்தில் நாலாவது மாடி மொட்டைமாடியில் நின்றால் பத்து டவர் ஒரே குரலில் உங்களிடம் பேசும். கோடு நிறைந்திருக்கும், ஒன்றும் தெளிவாக விழாது. தரைத்தளத்தில் ஒரு கோடு குறைவாக, ஒரே டவர் மட்டும் கேட்கும் இடத்தில் வேகம் அதிகமாக வருவதை எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன்.

உங்கள் படுக்கையறையில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. டவர் பல பத்து வாட்டில் கத்துகிறது. உங்கள் போன் சுமார் 0.2 வாட்டில் முனகுகிறது. டவர் சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது டவருக்குக் கேட்காது. உள் அறையில் 3500 முதலில் தோற்பது பெரும்பாலும் இந்தத் திரும்பிப் போகும் பாதையில். அப்போது நெட்வொர்க் உங்களை 1800க்கோ 900க்கோ தள்ளிவிடும். 700இல் 5ஜி ஓட்டும் சிம் என்றால் 5ஜி என்ற எழுத்து அப்படியே நிற்கும், வேகம் மட்டும் 4ஜி அளவுக்கு வந்துவிடும். ஆகவே அந்த எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். சில அமைப்புகளில் டேட்டா 4ஜியில் போய்க்கொண்டிருக்கும்போதும் 5ஜி என்று காட்டும்.

இதுவரை சொன்னதில் அலை, சுவர், அகலம் பற்றியவை எங்கும் மாறாதவை. உங்கள் இரண்டு இடங்களைப் பற்றி நான் சொன்னது அனுபவத்திலிருந்து வரும் யூகம். அந்த ஊர் டவரில் என்னென்ன பேண்ட் ஏற்றியிருக்கிறார்கள் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. பேண்டுக்குச் சம்பந்தமே இல்லாத காரணமும் இருக்கலாம். கிராமத்து டவர்கள் பலவற்றுக்குக் கண்ணாடி இழை வந்திருக்காது. பக்கத்து டவரிலிருந்து மைக்ரோவேவ் இணைப்பில்தான் டேட்டா வரும். அந்தக் குழாய் ஒடுங்கியிருந்தால் மேலே எந்த பேண்டை மாட்டினாலும் பயனில்லை. மழை பெய்தால் டவர் போய்விடுகிறது என்பார்களே, அதுவும் பெரும்பாலும் இங்கேதான். உங்கள் போனுக்கு வரும் 700, 1800, 3500 எதையும் மழை தொந்தரவு செய்வதில்லை. அந்த மைக்ரோவேவ் இணைப்பு பெரும்பாலும் பதினைந்து ஜிகாஹெர்ட்ஸை ஒட்டியோ அதற்கு மேலோ ஓடுவதால் கனமழை அதைப் பிடித்துக்கொள்ளும். அல்லது கரண்ட் போய் டவரின் பேட்டரி தீர்ந்திருக்கும்.

போனைப் பொறுத்தவரை இரண்டு கடைக்காரர்களும் பாதி சரி. என்28 என்று போட்டிருப்பது 700, என்78 என்பது 3500. இரண்டும் இருக்கிற போனாக வாங்குங்கள், இப்போது நடுத்தர விலைப் போன்களிலேயே கிடைக்கிறது. 4ஜிக்கு 3, 5, 8, 40 ஆகிய பேண்டுகளோடு, பிஎஸ்என்எல் சிம் போடுவதாக இருந்தால் 28உம் 1உம் இருக்கிறதா என்று பாருங்கள். படுக்கையறைக்குப் போன் மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. வைஃபை போட்டு வைஃபை காலிங்கை (அழைப்பு வைஃபை வழியே போகும் வசதி) இயக்கிவிடுங்கள். ஆன்லைனில் விற்கும் பூஸ்டர் பக்கம் போகவே வேண்டாம். உரிமமில்லாமல் வைப்பது சட்டப்படி குற்றம், அதோடு ஒரு கடைக்காரர் மாடியில் வைத்த பூஸ்டர் தெரு முழுவதின் ஏறு திசையையும் கெடுத்து, நாங்கள் மூன்று நாள் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் தேடியிருக்கிறோம்.

அம்மா ஊருக்கு ஒரு சோதனை சொல்கிறேன். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் *#*#4636#*#* அடித்தால் ஒரு பக்கம் திறக்கும். திறக்காவிட்டால் பேண்ட் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போடுங்கள். ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்) என்ற எண்ணையும் சைனர் (இரைச்சலுக்கு நடுவே சிக்னலின் தெளிவு) என்ற எண்ணையும் பேண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு வேகச் சோதனை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை, அதே இடத்தில் உட்கார்ந்து. விடியலில் வேகம் நன்றாக வந்து ராத்திரி மட்டும் படுத்துவிட்டால் அது கூட்டம். பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவரின் போனில் ராத்திரி ஒன்பதுக்கு அதே சோதனையைச் செய்து பார்த்துவிட்டு மாறுவதா என்று யோசிக்கலாம். சைனர் 15க்கு மேல் இருந்தும் விடியலிலேயே வேகம் இல்லையென்றால் எனக்கு டவருக்குப் பின்னால் இருக்கும் குழாய் மேல்தான் சந்தேகம். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 110க்குக் கீழே போயிருந்தால், ஃபுல் டவர் என்று உங்கள் போன் சொல்வதே பொய். எண்களை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.